பெரோவ்ஸ்கைட் எல்இடியில் ஒளி எங்கே சிக்குகிறது? கால்குலேட்டரிலேயே போட்டுப் பார்க்கும் கணக்கு

பெரோவ்ஸ்கைட் என்ற உப்புப் படிகப் படலத்தால் ஒளிரும் உங்கள் எல்இடி 8 சதவீத ஈக்யூஇ காட்டுகிறது. சரி, மிச்சம் 92 எங்கே போனது?

காட்பாடி, சேர்க்காடு பக்கம் எம்.எஸ்சி. ப்ராஜெக்ட், பிஎச்.டி. என்று இந்த வேலையில் இறங்குகிற பிள்ளைகள் கேட்பது பெரும்பாலும் "எந்த அடிட்டிவ் போட்டால் ஏறும்" என்பதுதான். அதற்கு முன்னால் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து ஒளிக்கு ஒரு வரவு செலவுக் கணக்குப் போட்டுவிட்டால், கைவைக்க வேண்டியது அடிட்டிவிலா, கண்ணாடியிலா, எலெக்ட்ரோடிலா என்பது தானாகத் தெரிந்துவிடும். பெரிய சிமுலேஷன் எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், சைனும் காஸும் உள்ள கால்குலேட்டர் போதும்.

ஈக்யூஇ என்பது வெளிக் குவாண்டம் திறன். டிவைஸுக்குள் போன நூறு எலெக்ட்ரானுக்கு எத்தனை ஃபோட்டான் முகப்பு வழியாக வெளியே வந்தது என்ற எண்ணிக்கை, அவ்வளவுதான். அது குறைய மூன்று இடங்கள் உண்டு. எலெக்ட்ரானும் ஹோலும் (எலெக்ட்ரான் இல்லாத காலியிடம், நேர் மின்சுமை மாதிரி நகரும்) பெரோவ்ஸ்கைட் அடுக்கில் சந்திக்காமல் தாண்டிப் போய்விடலாம். சந்தித்தும் ஒளி தராமல் வெப்பமாக முடிந்துவிடலாம். ஒளி பிறந்தும் வெளியே வர முடியாமல் உள்ளேயே மாட்டிக்கொள்ளலாம். கரிமப் பொருளால் ஆன சாதாரண ஃப்ளோரசன்ட் ஓஎல்இடியில் ட்ரிப்லெட் என்ற ஒளிராத நிலையில் மாட்டி முக்கால்வாசி எக்சைட்டான் (எலெக்ட்ரான் ஹோல் ஜோடி) வீணாகும், பெரோவ்ஸ்கைட்டுக்கு அந்தத் தலைவலி கிடையாது. ஆகவே நல்ல டிவைஸில் மூன்றாவது இடம்தான் பெரிய ஓட்டை, அங்கிருந்தே ஆரம்பிப்போம்.

வடாற்காட்டில் கிணற்றில் நீச்சல் பழகியவர்களுக்கு இதைப் படம் போட்டுக் காட்ட வேண்டியதில்லை. தண்ணீருக்கு அடியில் முங்கி அண்ணாந்து பார்த்தால் வானம் முழுக்கத் தெரியாது, தலைக்கு மேலே ஒரு வட்டமாகச் சுருங்கித்தான் தெரியும், அந்த வட்டத்துக்கு வெளியே தண்ணீரின் மேற்பரப்பு கண்ணாடி மாதிரி கிணற்றுச் சுவரைத்தான் திருப்பிக் காட்டும். தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33, மாறுநிலைக் கோணம் ஏறக்குறைய 48.8 டிகிரி. அதற்கு மேல் சாய்ந்து வரும் ஒளி காற்றுக்குப் போகாமல் திரும்பிவிடும். பெரோவ்ஸ்கைட் படலத்தில் நடப்பதும் இதேதான், ஆனால் அங்கே வட்டம் இன்னும் சின்னது. ஈய ஹாலைடு பெரோவ்ஸ்கைட்டின் ஒளிவிலகல் எண் அது ஒளிரும் அலைநீளத்தில் சுமார் 2.2 முதல் 2.5 வரை இருக்கும். 2.3 என்று வைத்துக்கொள்ளுங்கள். 1-ஐ 2.3-ஆல் வகுத்து அதற்கு சைன் தலைகீழ் போட்டால் 25.8 டிகிரி. இந்தக் கூம்புக்குள் கிளம்பிய ஒளி மட்டுமே காற்றைப் பார்க்கும்.

அந்தக் கூம்பு எத்தனை பங்கு? பின்பக்கம் உலோக எலெக்ட்ரோடு கண்ணாடியாக நின்று அந்தப் பக்கம் போன ஒளியையும் முன்னால் திருப்புகிறது என்று எடுத்துக்கொண்டால், 1-லிருந்து அந்தக் கோணத்தின் காஸைக் கழித்தால் போதும். காஸ் 25.8 டிகிரி என்பது 0.90. ஆக விடை 0.10. நூறு ஃபோட்டான் பிறந்தால் பத்து வெளியே வரும், தொண்ணூறு உள்ளே. ஒளிவிலகல் எண் 2.5 என்றால் எட்டேகால் சதவீதம், 2.0 என்றால் பதிமூன்றரை. நானோ படிகத் துகள்களால் ஆன படலத்தில் துகள்களுக்கு நடுவே, அவற்றைப் போர்த்தியிருக்கும் கரிம மூலக்கூறான லிகண்ட் நிரம்பியிருப்பதால் சராசரி ஒளிவிலகல் எண் இறங்கும், அந்த வகை டிவைஸ்களுக்கு ஆரம்பத்திலேயே கிடைக்கும் ஒரு சாதகம் அது. உங்கள் படலத்தின் எண்ணை எலிப்சோமெட்ரியில் (படலத்தில் பட்டுத் திரும்பும் ஒளியை வைத்து அளக்கும் முறை) அளந்து போடுங்கள். வேறு யாரோ வேறு உப்புக் கலவையில் அளந்ததை எடுத்துப் போட்டால், எட்டுக்கும் பதிமூன்றுக்கும் நடுவில் எங்கே நிற்கிறீர்கள் என்றே தெரியாது.

இதைக் கண்ணால் பார்த்தால்தான் மனதில் நிற்கும். கடைகளில் கள்ளநோட்டு பார்க்க வைத்திருக்கிறார்களே, அந்தச் சின்ன யூவி டார்ச் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். சீசியம் ஈய புரோமைடு படலம் போட்டு, மேலே இன்னொரு கண்ணாடி வைத்து எபாக்சியால் மூடிய ஒரு ஸ்லைடை இருட்டறையில் பிடித்து, டார்ச்சை நேராக ஸ்லைடின் முகப்பில் அடித்தபடி, கண்ணுக்கு முன்னால் ஒரு மஞ்சள் கண்ணாடிக் காகிதத்தை வைத்துப் பாருங்கள், ஊதா வெளிச்சம் அதிலேயே நின்றுவிடும். முகப்பு பச்சையாக ஒளிரும். ஆனால் ஸ்லைடின் ஓரம் இருக்கிறதே, ஒரு மில்லிமீட்டர் பருமன் உள்ள அந்த விளிம்பு, அது முகப்பைவிடப் பளிச்சென்று ஒரு கோடு மாதிரி எரியும். கண்ணாடிக்குள் மாட்டிக்கொண்டு பக்கவாட்டில் ஓடி வந்த ஒளி அது. இன்னும் உற்றுப் பார்த்தால் விளிம்பின் பச்சை கொஞ்சம் மஞ்சள் பக்கம் சாய்ந்திருக்கும். ஏனென்றால் அது வழியெல்லாம் படலத்தில் பட்டுப் பட்டு வந்தது, குறுகிய அலைநீளப் பகுதியைப் படலம் மறுபடி விழுங்கிவிட்டது. இந்த மஞ்சள் சாய்வை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

இப்போது படலம் போட்ட கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் மருந்துக்கடை கிளிசரின் ஒரு துளி விட்டு, அதன்மேல் ஒரு அரைக்கோளக் கண்ணாடி லென்ஸை உட்கார வையுங்கள். படலத்தில் கிளிசரின் படவே கூடாது, அது ஈரத்தை இழுத்துப் படலத்தைக் கெடுத்துவிடும். லென்ஸுக்கு அடியில் இருக்கும் இடம் சட்டென்று பிரகாசமாகும். கிளிசரின் 1.47, கண்ணாடி 1.5, இடையில் காற்று இல்லாததால் ஒளி திரும்பாமல் லென்ஸுக்குள் ஏறி, வளைந்த பரப்பில் ஏறக்குறைய நேராகப் பட்டு வெளியே வந்துவிடுகிறது. கணக்கிலும் போட்டுப் பார்க்கலாம்: 1.5-ஐ 2.3-ஆல் வகுத்தால் கோணம் 40.7 டிகிரி, காஸ் 0.76, விடை 24 சதவீதம். லென்ஸ் இல்லாமல் பத்து, லென்ஸோடு இருபத்து நாலு. லென்ஸ் என்பது அதிகபட்சம் இவ்வளவுதான் செய்யும். மிச்சம் 76 கண்ணாடிக்கே வந்து சேரவில்லை, அதை எந்த லென்ஸாலும் எடுக்க முடியாது. 1.8 ஒளிவிலகல் எண் உள்ள கண்ணாடியில் டிவைஸ் செய்து அதே எண் உள்ள லென்ஸையும் திரவத்தையும் வைத்தால் 38 வரை போகும், ஆனால் அந்தக் கண்ணாடி விலை அதிகம்.

அந்த 76 எங்கே இருக்கிறது? பெரோவ்ஸ்கைட்டும் ஐடிஓவும் (கண்ணாடிமேல் இருக்கும் ஒளி புகும் எலெக்ட்ரோடு) ஒளிவிலகல் எண் அதிகமான அடுக்குகள், அவற்றுக்குள்ளேயே அலைவழிகாட்டி மாதிரி ஒரு பகுதி ஒளி பக்கவாட்டில் ஓடுகிறது. இன்னொரு பகுதி உலோக எலெக்ட்ரோடின் பரப்பில், அங்கிருக்கும் எலெக்ட்ரான்களோடு சேர்ந்து ஓடும் பிளாஸ்மான் அலையாக ஒட்டிக்கொண்டு வெப்பமாகச் சாகிறது. ஒளிரும் அடுக்குக்கும் உலோகத்துக்கும் நடுவில் இருக்கும் அடுக்கு மெலிதாக இருந்தால் இந்த இழப்பு கூடும், தள்ளி வைத்தால் குறையும். அதனால்தான் எலெக்ட்ரான் கடத்தும் அடுக்கின் தடிமனை பத்து இருபது நானோமீட்டர் மாற்றினாலே எண் நகர்கிறது. உலோகத்திலிருந்து திரும்பி வரும் அலையும் நேராகப் போகும் அலையும் கைகோப்பது ஒரு குறிப்பிட்ட தூரத்தில்தான், அந்தத் தூரம் அமைந்துவிட்டால் பத்து சதவீதக் கணக்கையே தாண்டி முன்பக்கக் கூம்புக்குள் அதிக ஒளி விழும். அதாவது மேலே போட்டது நேர்கோட்டு ஒளிக் கணக்கு, ஒரு தோராயம். அடுக்குகளின் தடிமன் அலைநீளத்தைவிடச் சின்னது என்பதால் உண்மையில் குறுக்கீடு வந்து இதைக் கூட்டும், குறைக்கும்.

இனிமேல் வருவதுதான் பெரோவ்ஸ்கைட்டுக்கே உரிய விஷயம். ஓஎல்இடிக்கு எழுதிய சூத்திரத்தை அப்படியே இங்கே தூக்கி வைக்கிறவர்கள் இந்த இடத்தில்தான் தடம் மாறுகிறார்கள்.

ஓஎல்இடியில் உள் திறனையும் வெளியேறும் பங்கையும் தனித்தனியாக எடுத்துப் பெருக்கிவிடலாம். பெரோவ்ஸ்கைட்டில் முடியாது. அது உமிழும் நிறமும் உறிஞ்சும் நிறமும் ரொம்பப் பக்கத்தில் இருக்கின்றன. உள்ளே மாட்டிய ஃபோட்டானைப் படலமே மறுபடி விழுங்குகிறது, விழுங்கியது மறுபடி எலெக்ட்ரான் ஹோல் ஜோடியாகி, மறுபடி ஒளியாகிறது. இந்த முறை வேறு திசை. கூம்புக்குள் விழ இன்னொரு வாய்ப்பு. விளிம்பில் பார்த்த மஞ்சள் சாய்வு, படலம் இப்படி விழுங்குகிறது என்பதற்கு நேரடிச் சாட்சி. இதற்கு ஃபோட்டான் மறுசுழற்சி என்று பெயர்.

கணக்கு இப்படி. பிறந்த ஒரு ஃபோட்டான் வெளியே போக 10 சதவீதம், படலமே மறுபடி விழுங்க 60, உலோகமும் ஐடிஓவும் இன்ன பிறவும் தின்றுவிட 30 என்று வைப்போம். இவை புரிவதற்காக நான் எடுத்த எண்கள், உங்கள் அடுக்குக்கு வேறு வரும். ஜோடி சேர்ந்தால் ஒளி பிறக்கும் வாய்ப்பை உள் திறன் என்போம். வெளித் திறன் = உள் திறன் × வெளியேறும் பங்கு, இதை (1 − உள் திறன் × விழுங்கும் பங்கு) என்பதால் வகுக்க வேண்டும். உள் திறன் 0.5 என்றால் 7 சதவீதம் வருகிறது. 0.7 என்றால் 12. 0.9 என்றால் 19.6. சரியாக 1 என்றால் 25. பாருங்கள், 0.5-லிருந்து 0.6-க்குப் போனால் கிடைப்பது இரண்டேகால் புள்ளி, 0.9-லிருந்து 1-க்குப் போனால் கிடைப்பது ஐந்தரைப் புள்ளி. கடைசிப் பத்து சதவீதக் குறைபாட்டை ஒழிப்பதற்குத்தான் மதிப்பு அதிகம், ஏனென்றால் ஒவ்வொரு சுற்றிலும் அந்தக் குறைபாடு மறுபடி மறுபடி வரி பிடிக்கிறது.

இதே கணக்கில் இன்னொன்றும் செய்து பாருங்கள், என் பார்வையில் மொத்த விஷயத்தின் மையமே இதுதான். வீணாக உறிஞ்சப்படும் 30-ஐ 20 ஆக்குங்கள், அந்தப் பத்து படலத்துக்கே திரும்பட்டும். உள் திறன் 1 உள்ள டிவைஸ் 25-லிருந்து 33-க்குத் தாவும். உள் திறன் 0.7 உள்ள டிவைஸ் 12-லிருந்து 13.7-க்கு நகரும், அவ்வளவுதான். ஒரே மாற்றம், ஒரே உழைப்பு. ஒருவருக்கு எட்டுப் புள்ளி, இன்னொருவருக்கு ஒன்றரைப் புள்ளி. ஆகவே உங்கள் உள் திறன் எவ்வளவு என்று தெரியாமல் நல்ல எலெக்ட்ரோடு, உறிஞ்சாத ஐடிஓ என்று செலவழிப்பதில் அர்த்தமில்லை. அதே நேரம் வெளியேறும் பங்கையே நேராகப் பத்திலிருந்து இருபதாக்கினால், அதாவது பரப்பில் அமைப்பு உண்டாக்கியோ லென்ஸ் வைத்தோ, விழுங்கும் பங்கு 60 மாறாத வரை உள் திறன் எதுவாக இருந்தாலும் வெளித் திறன் இரட்டிப்பாகும். படலம் சுமாராக இருந்தால் முதலில் படலத்தைச் சரிசெய்யுங்கள், அதற்கு நாள் பிடிக்கும் என்றால் பரப்பு அமைப்பில் கைவையுங்கள். உறிஞ்சலைக் குறைக்கும் நுணுக்க வேலையைக் கடைசிக்கு விடுங்கள்.

உள் திறனை எப்படித் தெரிந்துகொள்வது? எலெக்ட்ரோடு போடாத படலத்தை இன்டெக்ரேட்டிங் ஸ்பியரில் (எல்லாத் திசை ஒளியையும் சேர்த்து எண்ண உதவும், உள்ளே வெள்ளை பூசிய உருண்டை) வைத்து பிஎல்க்யூஒய், அதாவது விழுங்கிய நூறு ஃபோட்டானுக்கு எத்தனை திரும்ப வெளியே வந்தது என்று அளப்பீர்கள். அது வரும் எண் வெளித் திறன், உள் திறன் அல்ல. உதாரணமாக 70 சதவீதம் வந்தது, அந்தப் படலத்தில் ஒரு முறைக்கு வெளியேறும் பங்கு 30, விழுங்கும் பங்கு 70, வேறு இழப்பு இல்லை என்றால் அதே சூத்திரத்தைத் திருப்பிப் போட்டு உள் திறன் 89 என்று எடுக்கலாம். 70-ஐப் பார்த்து மனம் தளர வேண்டியதில்லை. 2016இல் கேம்பிரிட்ஜ் ஆட்கள் உள் திறன் சுமார் 70 உள்ள படலத்துக்கு அடித்தளத்தையே சொரசொரப்பாக்கி, வெளித் திறனை 15-லிருந்து 57 சதவீதத்துக்குக் கொண்டுபோய்க் காட்டினார்கள். அளக்கும்போது எல்இடி ஓடும் அளவுக்கு நிகரான ஒளிச்செறிவில் அளங்கள். குறைந்த செறிவில் குறைபாடுகள் ஜோடிகளைத் தின்னும், மிக அதிகத்தில் ஆஜே (Auger) இழப்பு, அதாவது ஜோடியின் ஆற்றல் ஒளியாகாமல் பக்கத்து எலெக்ட்ரானுக்கோ ஹோலுக்கோ போய்விடுவது தின்னும், நடுவில்தான் உச்சம் இருக்கும்.

பரப்பு அமைப்பு என்றால் நுண்ணிய வடிவம் பதிக்கும் லித்தோகிராஃபி வசதி வேண்டும் என்று ஒதுங்க வேண்டாம். 2018இல் நான்ஜிங் குழு ஒன்று கரைசலில் ஓர் அமினோ அமிலத்தைச் சேர்த்தே இதைச் சாதித்தது. படலம் சீராகப் படியாமல் மைக்ரானுக்கும் சின்னச் சின்னத் திட்டுகளாகப் படிகமானது, திட்டுகளுக்கு நடுவே ஒளிவிலகல் எண் குறைந்த கரிம அடுக்கு வந்து உட்கார்ந்தது. மாட்டிய ஒளி திட்டின் ஓரத்தில் மோதித் திசை மாறி வெளியே வந்தது. அகச்சிவப்பில் 20.7 சதவீதம். ஸ்பின் கோட்டரும் ஹாட் பிளேட்டும் இருக்கிற எந்த ஆய்வகத்திலும் முயன்று பார்க்கக்கூடிய பாதை அது, எனக்கு ரொம்பப் பிடித்ததும் அதுதான். காலியம் நைட்ரைடு எல்இடிக்காரர்களும் இதே பிரச்சினையைத்தான் பார்த்தார்கள், அவர்கள் பொருளின் ஒளிவிலகல் எண்ணும் 2.4 பக்கம்தான். சஃபையர் தளத்தில் மேடுபள்ளம் செதுக்கியும் பரப்பைக் கரடாக்கியும் அவர்கள் ஒளியை வெளியே எடுத்துவிட்டார்கள். இன்று சத்துவாச்சாரி தெருவிளக்கிலிருந்து பைக் ஹெட்லைட் வரை எரிவது அந்த வழியில் வந்த விளக்குகள்தான்.

அளவீட்டில் ஒரு எச்சரிக்கை. விளிம்பில் அவ்வளவு ஒளி வருகிறது என்று பார்த்தோம் அல்லவா, அதை மறைக்காமல் டிவைஸை ஸ்பியருக்குள் வைத்தால் அதுவும் சேர்ந்து எண்ணப்பட்டு ஈக்யூஇ பொய்யாக ஏறும். நாலு ஓரத்தையும் கறுப்பு டேப்பால் மூடுங்கள், அல்லது டிவைஸை ஸ்பியரின் வாசலில் வைத்து முகப்பு ஒளியை மட்டும் உள்ளே விடுங்கள். ஸ்பியர் இல்லாமல் ஃபோட்டோடையோடு வைத்து நேர்முன் திசையில் மட்டும் அளக்கிறவர்கள் எல்லாத் திசைக்கும் லாம்பெர்ட் விதிப்படி (சாயச் சாயக் கோணத்தின் காஸ் அளவில் ஒளி குறையும் என்பது) ஒளி பரவுகிறது என்று எடுத்துக்கொள்கிறார்கள். தடிமன் மாற்றி, திட்டுகள் உண்டாக்கி விளையாடிய டிவைஸ் அந்த விதியை மதிக்காது. டிவைஸைச் சுழற்றி பத்து டிகிரிக்கு ஒரு தடவை அளந்து வளைவரையைப் போடுங்கள், அதற்கு ஒரு கோண அளவியும் பொறுமையும் போதும்.

நம்ம ஊர் வெயிலையும் கணக்கில் எடுங்கள். கத்திரியில் வேலூர் 40 டிகிரியைத் தாண்டும் நாட்களில் ஏசி நின்ற அறையில் அளந்த எண்ணும், மார்கழிக் காலையில் அளந்த எண்ணும் ஒன்றாக இருக்காது. சூடு ஏறினால் ஒளி பிறக்கும் வாய்ப்பு இறங்கும், அயனிகள் நகர்வதும் வேகமாகும். டிவைஸுக்குக் கீழே ஓர் அலுமினியக் கட்டை வைத்து அதன் வெப்பநிலையையும் குறித்துக்கொள்ளுங்கள். ஐப்பசி கார்த்திகை மழையில் ஈரப்பதம் எதிரி, மூடாத படலத்தை க்ளவ்பாக்ஸுக்கு (ஈரமும் ஆக்சிஜனும் நீக்கிய பெட்டி) வெளியே கொண்டுவரவே வேண்டாம். அப்புறம், பழுதான படலங்களையும் கழுவிய கரைசலையும் சிங்க்கில் ஊற்றாதீர்கள், அதில் ஈயம் இருக்கிறது. தோல் கழிவால் பாலாறு பட்டது போதும். தனி டப்பாவில் சேர்த்து அபாயக் கழிவாகக் கொடுங்கள்.

வெளியான எண்களைப் படிக்கும்போதும் இதே கணக்கு உதவும். 2014இல் கேம்பிரிட்ஜில் ரிச்சர்ட் ஃப்ரெண்ட் குழு அறை வெப்பநிலையில் ஓடும் பெரோவ்ஸ்கைட் எல்இடியைக் காட்டியபோது அகச்சிவப்பில் 0.76 சதவீதம். 2018இல் பல குழுக்கள் 20-ஐத் தாண்டின. 2022இல் சியோல் குழு பச்சையில் 28.9, 2024இல் வேறொரு குழு அகச்சிவப்பில் 32. பத்து சதவீதக் கூம்பு என்று சொல்லிவிட்டு 32 எப்படி என்று கேட்டால், பதில் மேலே வந்துவிட்டது: உள் திறன் 1-ஐ நெருங்கினால் மறுசுழற்சி, தடிமன் ஒழுங்கு, பரப்பு அமைப்பு மூன்றும் சேர்ந்து கூம்பை விரிக்கின்றன. ஒரு எண்ணைப் பார்த்தவுடன் லென்ஸ் வைத்தார்களா, ஓரம் மூடினார்களா, எந்தப் பிரகாசத்தில் அந்த உச்சம் வந்தது, எவ்வளவு நேரம் நின்றது என்று தேடுங்கள். மங்கலான வெளிச்சத்தில் 25 காட்டி, அறைக்கு வேண்டிய பிரகாசத்தில் 12-க்கு விழும் டிவைஸ் விளக்காகாது. லென்ஸ் வைத்து வாங்கிய எண் விளக்குக்குப் பொருந்தும், டிவி திரைக்குப் பொருந்தாது, பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளின் ஒளி கலந்து படம் மங்கிவிடும்.

கடைசியாக வோல்டேஜ். ஈக்யூஇ ஃபோட்டானைத்தான் எண்ணுகிறது, மின்சாரத்தை அல்ல. 520 நானோமீட்டர் பச்சை ஃபோட்டானின் ஆற்றல் 1240-ஐ 520-ஆல் வகுத்தால் 2.38 எலெக்ட்ரான் வோல்ட். டிவைஸ் 3.5 வோல்டில் 20 சதவீதம் காட்டினால், உள்ளே போன மின்சக்தியில் ஒளியானது 0.20 × 2.38 ÷ 3.5, அதாவது 13.6 சதவீதம். மிச்சம் 86-இல் பெரும்பகுதி அந்தச் சின்னப் பரப்பிலேயே சூடாகிறது, சூடு உள் திறனைக் குறைக்கிறது, அது மறுசுழற்சியைக் கெடுக்கிறது. ஒளிக் கணக்கு எல்லாம் சரியாக இருந்தும் பிரகாசத்தைக் கூட்டும்போது எண் சரிகிறது என்றால் அதே டிவைஸை துடிப்பு மின்னோட்டத்தில், மைக்ரோ விநாடிகள் மட்டும் எரியவிட்டு அளந்து பாருங்கள். துடிப்பில் சரிவு குறைந்தால் குற்றவாளி சூடு, கண்ணாடியை மாற்றி சஃபையர் தளம் வைத்துப் பார்க்கலாம். துடிப்பிலும் அதே சரிவு என்றால் ஆஜே இழப்பையோ, எலெக்ட்ரானும் ஹோலும் சமமாக வராததையோ தேட வேண்டும், அது கடத்தும் அடுக்குகளின் வேலை.